வெளுத்துப்போகும் வெள்ளை: தொடக்க ஒளிப்படமும் ஒளியளவும்

புதிதாகப் படம் பிடிக்கத் தொடங்கிய ஒருவரின் படங்களில் பத்தை எடுத்துப் பார்த்தால் ஒரு குறை திரும்பத் திரும்பக் கண்ணில் படும். வேட்டி இருக்கும், அதன் மடிப்பு இருக்காது. மல்லிகைச் சரம் இருக்கும், பூக்கள் ஒன்றோடொன்று கரைந்து பஞ்சு போல் கிடக்கும். வானம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் காகிதம் இருக்கும். படம் எடுப்பவர்கள் பேச்சில் இதற்கு ‘ஓவராயிடுச்சு’, ‘வெளுத்துப்போச்சு’, ‘எரிஞ்சுபோச்சு’ என்று பல சொற்கள் உண்டு. பயிற்சி வகுப்புகளிலும் கையேடுகளிலும் ஒளி கூடிப்போவதும் ஒளி குறைந்துபோவதும் ஒரே குறையின் இரு பக்கங்களாகச் சொல்லப்படுகின்றன. இரண்டுக்கும் நடுவில் ‘சரியான’ அளவு ஒன்று இருப்பதாகவும், அதைக் கண்டுபிடிப்பதே கற்க வேண்டிய வித்தை என்றும் மாணவர் நம்பிவிடுகிறார். இந்தக் கட்டுரையின் வாதம் வேறு. டிஜிட்டல் ஒளிப்படத்தில் இவ்விரு பிழைகளும் ஒரே எடை கொண்டவை அல்ல. இருண்டதை ஓரளவு மீட்கலாம். எரிந்ததை மீட்க வழியே இல்லை. திண்டுக்கல் போன்ற சமவெளி ஊரின் வெயிலில் படம் பழகுபவர் முதலில் கற்க வேண்டியது, நெய்த இழையும் இதழும் தெரிகிற வெள்ளையைக் காப்பது. முகம் இருண்டுவிடுமே என்ற கவலைக்கு, நிற்கும் இடத்தையும் ஒளி வரும் திசையையும் மாற்றி விடை காண வேண்டும். கேமராவின் ஒளியளவை ஏற்றுவது விடை ஆகாது.

முதலில் இந்த ஊரின் ஒளியைப் பார்ப்போம். திண்டுக்கல் ஏறத்தாழ 10.4 பாகை வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை பிறந்த சில நாட்களிலும், பிறகு ஆகஸ்டு கடைசி வாரத்திலும், நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது. நாகல் நகர்த் தெருவில் நிற்கும் மின்கம்பத்தின் நிழல் அப்போது அதன் காலடிக்குள்ளேயே ஒடுங்கும். ஆண்டிலேயே சூரியன் மிகத் தாழ்ந்து நிற்கும் மார்கழி நாட்களில்கூட இங்கே நண்பகல் வெயில் 56 பாகை உயரத்திலிருந்து விழுகிறது. லண்டனில் கோடையின் உச்ச நாளான ஜூன் 21 அன்று நண்பகல் சூரியன் ஏறுவது 62 பாகைதான். அதாவது, அங்கே ஆண்டின் மிகக் கடுமையான ஒளிக்குச் சற்றே குறைந்தது இங்கே ஆண்டின் மிக மென்மையான நண்பகல் ஒளி. மேலிருந்து விழும் இந்த வெயில் நெற்றி, மூக்குத்தண்டு, தோள் ஆகியவற்றைச் சுடர்விடச் செய்து கண்குழியையும் தாடையின் கீழ்ப்பகுதியையும் இருட்டில் தள்ளுகிறது. ஒளிப்பட நூல்கள் போற்றும் பொன்னிற மாலை ஒளியும் இங்கே நீண்ட நேரம் நிற்பதில்லை. வெப்ப மண்டலத்தில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குகிறது. தொடுவானத்துக்கு 6 பாகை மேலிருந்து மறைவது வரை இங்கே ஏறத்தாழ 25 நிமிடம், ஜூன் மாத லண்டனில் அதைப் போல் இரு மடங்கு. நீண்ட அந்திகளை உடைய நாடுகளில் எழுதப்பட்ட அறிவுரைகளை அப்படியே பின்பற்றினால் நம் மாணவர் ஏமாந்துபோவது இதனால்தான்.

இனி கேமராவின் உள்ளே போகலாம். உணரியின் ஒவ்வொரு புள்ளியையும் நெல் அளக்கும் படியாக எண்ணிக்கொள்ளலாம். ஒளி விழ விழ அதில் மின்னூட்டம் சேர்கிறது. படி பாதி நிறைந்திருந்தாலும் அடியில் சிறிதே கிடந்தாலும், எவ்வளவு என்று அளந்துவிட முடியும். தலை தட்டிய பிறகு மேலும் கொட்டியது கீழே சிந்திப்போகிறது. சிந்தியது ஒரு கையளவா ஒரு மரக்காலா என்று படிக்குத் தெரியாது. வேட்டியின் மடிப்பு என்பது ஒளியில் சிறிய ஏற்ற இறக்கம். மடிப்பின் முகடும் பள்ளமும் இரண்டுமே தலை தட்டிவிட்டால் இரண்டுக்கும் ஒரே எண் பதிவாகும், மடிப்பு மறைந்துவிடும். பிறகு கணினியில் எந்த மென்பொருளைக் கொண்டு வெளிச்சத்தைக் குறைத்தாலும் வெள்ளை சாம்பலாகுமே தவிர மடிப்பு திரும்பி வராது. ஃபிலிமின் நடத்தை வேறாக இருந்தது. 1890-இல் ஹர்ட்டர், டிரிஃபீல்ட் என்ற இரு ஆய்வாளர்கள் ஒளிப்படத் தட்டின் கருமைக்கும் அதில் விழுந்த ஒளிக்கும் உள்ள உறவை ஒரு வளைகோடாக வரைந்து காட்டினார்கள். அந்தக் கோடு உச்சியில் முறிவதில்லை, தோள் போல் மெல்லச் சாய்கிறது. நெகட்டிவ் ஃபிலிமில் ஒளி ஓரிரு மடங்கு கூடினாலும் ஏதோ ஒரு விவரம் தங்கியிருக்க அந்தச் சாய்வுதான் காரணம். நெகட்டிவ் காலத்தில் ‘சந்தேகம் வந்தால் கொஞ்சம் கூட்டி எடு’ என்பது நல்ல அறிவுரை. அதே அறிவுரை டிஜிட்டலுக்குக் கைமாறியபோது கெடுதலாகிவிட்டது.

எரிந்த வானத்தின் கதை டிஜிட்டலோடு தொடங்கவில்லை. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-இல். அதற்கு முன்பு அது மதுரை மாவட்டத்தின் பகுதி. அந்த மதுரையை 1858-இல் படம் பிடித்தவர் லின்னேயஸ் டிரைப், சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரர். அவர் கையாண்ட காகித நெகட்டிவ் நீல ஒளிக்கு மிக விரைவாகவும் மற்ற நிறங்களுக்கு மெதுவாகவும் மாறக்கூடியது. கோபுரத்தின் கல் பதிவதற்குத் தேவையான நேரம் மூடியைத் திறந்து வைத்தால் நீல வானம் அதற்குள் எரிந்து வெறுமையாகிவிடும். டிரைப் தம் நெகட்டிவ்களில் வண்ணப்பூச்சைக் கையால் தீட்டி மேகங்களைச் சேர்த்தார். அதே பத்தாண்டில் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவும் வானத்துக்கு வேறொரு நெகட்டிவும் எடுத்து ஒரே தாளில் அச்சிட்டார். ஒருவர் இழந்ததைத் தூரிகையால் ஈடு செய்தார்; மற்றவர் இழக்காமலிருக்க இருமுறை படம் எடுத்தார். வெளுத்த வானத்துக்குப் பதில் வேறு வானத்தை ஒட்டும் இன்றைய செயலிகள் டிரைப்பின் வழியில் வந்தவை. பல படங்களை இணைக்கும் எச்.டி.ஆர். முறை லெ கிரேயின் வழியில் வந்தது. எரிந்த இடத்தில் தானாக ஒன்றும் திரும்பி வராது என்பதை இருவரின் வேலையும் அன்றே காட்டிவிட்டது.

அப்படியானால் கேமராவே ஒளியை அளக்கிறதே, அது ஏன் தவறுகிறது? கேமராவுக்கு வேட்டியும் தெரியாது, முகமும் தெரியாது. தன் முன் இருப்பதெல்லாம் சராசரியாக ஒரு நடுச்சாம்பல் என்றே அது கணக்கிடுகிறது. விழும் ஒளியில் 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் சாம்பல் நிறம் அதற்கான வழக்கமான அடையாளம். சட்டகம் முழுவதும் வெள்ளையாக இருந்தால், உதாரணமாக வெளுத்த நூல் பாவு தெருவின் நீளத்துக்கு நீட்டியிருக்கும் காட்சியில், கேமரா அந்த வெள்ளையைச் சாம்பலாக இறக்கிவிடும். அங்கே ஒளியைக் கூட்டத்தான் வேண்டும். இதற்கு நேர்மாறானது குழித்தறி போட்ட வீட்டின் உள்ளறை. அறை இருட்டு, தறியும் இருட்டு, சன்னலோரத்தில் மட்டும் ஒரு முழம் துணியில் வெயில். கேமரா இருட்டைச் சாம்பலாக்க ஒளியை ஏற்றும். அந்த ஒரு முழம் எரிந்துபோகும். அறையைப் பார்க்க வந்தவருக்கு அந்தத் துணிதான் படத்தின் உயிர். சௌராஷ்டிர நெசவாளர் குடும்பங்களின் பேட்டையான நாகல் நகரிலும், பட்டுக்கும் சுங்குடிக்கும் பெயர்பெற்ற சின்னாளப்பட்டியிலும் படம் பழகுபவருக்கு இவ்விரு காட்சிகளும் ஒரே தெருவில் கிடைக்கும். ஒளிமானி ஒரே விதியால் இரண்டு இடத்திலும், ஒன்றுக்கொன்று எதிரான திசையில் தவறுகிறது. கேமரா காட்டும் எண் ஒரு கணிப்பு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடம் இல்லை.

கல்யாண வீட்டில் இந்தக் கணக்கு இன்னும் இறுகுகிறது. நிறத்தைச் சரிபார்க்க உலகெங்கும் பயன்படும் கலர்செக்கர் அட்டை 1976-இல் வெளிவந்தது. அதில் கருந்தோலுக்கான கட்டம் ஏறத்தாழ 10 விழுக்காடு ஒளியைத் திருப்புகிறது, வெளிர்தோலுக்கான கட்டம் 36, வெள்ளைக் கட்டம் 90. ஒளி இரட்டிப்பதை ஒரு ஸ்டாப் என்பார்கள். வெளிர்தோலுக்கும் வெள்ளைத் துணிக்கும் இடைவெளி ஒன்றரை ஸ்டாப்கூட இல்லை. கருந்தோலுக்கும் வெள்ளைத் துணிக்கும் ஒன்பது மடங்கு, அதாவது மூன்று ஸ்டாப்புக்கு மேல். மாப்பிள்ளையின் முகத்தைத் தொட்டு அளந்தால் கேமரா அந்தக் கருமையை நடுச்சாம்பலுக்கு ஏற்றும். பட்டு வேட்டி நடுச்சாம்பலுக்கு மூன்று ஸ்டாப்புக்கு மேலே போய்விடும். வழக்கமான ஜேபெக் படத்தில் நடுச்சாம்பலுக்கு மேல் உள்ள இடம் சுமார் அவ்வளவுதான். இது முகமும் வேட்டியும் ஒரே ஒளியில் நின்றால் வரும் கணக்கு. முகம் பந்தல் நிழலிலும் வேட்டி வெயிலிலும் இருந்தால் இன்னும் மூன்று ஸ்டாப் சேர்ந்து, இடைவெளி எழுபது மடங்கைத் தாண்டும். வேட்டி எரிவது படம் எடுப்பவரின் கவனக்குறைவால் மட்டும் அல்ல. நம் தோலின் நிறம், நம் விழா உடையின் நிறம், நம் வெயில் மூன்றும் சேர்ந்து அமைத்துத் தரும் சிக்கல் அது.

எல்லா வெள்ளையையும் காக்க வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. இந்த இடத்தில்தான் புதியவர்கள் மிகவும் குழம்புகிறார்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டைப் படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். மெருகேற்றிய பித்தளையின் வளைவில் ஒரு புள்ளி கண்ணைப் பறிக்கும். அது சூரியனின் பிம்பம். அதில் காக்க எந்த விவரமும் இல்லை. அதைக் காக்கப் போனால் பூட்டு முழுவதும் கறுத்துவிடும், உலோகம் உலோகமாகவே தெரியாது. எவர்சில்வர் குடம், மூக்குத்தி, எண்ணெய் தேய்த்த தலைமுடி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பளபளப்பு எரியலாம், இழையும் இதழும் தோலும் எரியக் கூடாது. இன்னொரு நுட்பத்தைத் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் கற்கலாம். கேமரா சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று படிகளில் தனித்தனியாக அளக்கிறது. கனகாம்பரக் குவியல் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிவதில்லை, ஆனால் வெயிலில் அதன் சிவப்புப் படி மட்டும் முதலில் நிரம்பி வழிந்துவிடும். பூவின் மடல்கள் ஒட்டி ஆரஞ்சுத் திட்டாகிவிடும். செவ்வந்தியில் சிவப்பும் பச்சையும் சேர்ந்து நிரம்பும். ஒட்டுமொத்த வெளிச்சத்தை மட்டும் காட்டும் ஹிஸ்டோகிராமில் இது தெரியாமல் போகலாம். மூன்று நிறத்தையும் தனித்தனியே காட்டும் வரைபடத்தைப் பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் அறிந்த ஒருவர் செய்ய வேண்டிய வேலை சிறியதுதான். படத்தில் எந்த வெள்ளை தனக்கு வேண்டும் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். கேமராவில் எரிந்த இடம் மினுக்கிக் காட்டும் எச்சரிக்கையை இயக்கிவைத்து ஒரு படம் எடுத்துப் பார்க்க வேண்டும். வேண்டிய வெள்ளை மினுக்கினால், கூட்டல்–கழித்தல் பொத்தானில் மூன்றில் ஒரு ஸ்டாப்பாகக் குறைத்து மறுபடி எடுக்க வேண்டும். மினுக்கல் நின்ற இடத்தில் நிறுத்திவிட வேண்டும். கைப்பேசியில் அந்த வெள்ளையின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் போதும். தெளிந்த வெயிலில் ஒளிமானியே தேவையில்லை என்று சொல்லும் பழைய விதியும் உண்டு: துளையை எஃப் 16-இல் வைத்து, ஐ.எஸ்.ஓ. 100 என்றால் ஷட்டரை 1/125 நொடிக்கு அருகில் வைப்பது. இது பொருளின் நிறத்தை அளக்காமல், விழும் வெயிலையே கணக்கில் கொள்வதால் வெள்ளை வேட்டிக்கும் கறுப்புக் குடைக்கும் ஏமாறாது. கேமரா நிறுவனங்களும் இந்தத் திசையில் வந்திருக்கின்றன. 2014-இல் வெளிவந்த நிக்கான் டி810, காட்சியின் மிகப் பிரகாசமான பகுதியைக் காப்பதற்கென்றே தனி அளவீட்டு முறையைச் சேர்த்தது.

இதற்கு எழும் முதல் மறுப்பு தொழில்நுட்பம் சார்ந்தது. உணரி அளந்ததை அப்படியே சேமிக்கும் 14 பிட் ரா கோப்பில் 16,384 படிநிலைகள் உண்டு. அவற்றில் பாதி, அதாவது 8,192, உச்சியில் உள்ள ஒரே ஒரு ஸ்டாப்பில் அடங்குகின்றன. அடுத்த ஸ்டாப்புக்கு 4,096, அதற்கடுத்ததற்கு 2,048. ஒளியைக் குறைத்து எடுத்தால் நிழற்பகுதி சில படிநிலைகளுக்குள் நசுங்கி, பின்னால் தூக்கும்போது புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும் என்கிறார்கள். ஒளிப்படக்காரர் மைக்கேல் ரைக்மன் 2003-இல் பரப்பிய, ஹிஸ்டோகிராமை ‘வலப்பக்கம் தள்ளி எடு’ என்ற கொள்கை இதிலிருந்து பிறந்தது. இந்த மறுப்பு நியாயமானது, ஆனால் நம் வாதத்தை அது உடைக்கவில்லை. வலப்பக்கம் தள்ளச் சொல்பவர்களும் சுவரில் மோதச் சொல்லவில்லை; வேண்டிய வெள்ளை எரியாத எல்லை வரை கூட்டு என்கிறார்கள். நாம் அந்த எல்லைக்கு மேலிருந்து இறங்கி வருகிறோம், அவர்கள் கீழிருந்து ஏறி வருகிறார்கள். நிற்கும் இடம் ஒன்றே. தேவைக்கு மேல் குறைப்பதும் குற்றம்தான். ஆனால் இரைச்சல் படத்தின் தரத்தைக் குறைக்கும், எரிதல் படத்தில் இருந்ததையே அழிக்கும். பயிற்சி இல்லாத கை எல்லையைத் துல்லியமாகத் தொடாது. எந்தப் பக்கம் தவறலாம் என்று கேட்டால் கீழ்ப்பக்கம் என்பதே விடை.

இரண்டாவது மறுப்பு, இதையெல்லாம் கைப்பேசியே செய்துவிடுகிறதே என்பது. செய்கிறது, ஆனால் எப்படிச் செய்கிறது என்று பார்க்க வேண்டும். கூகுள் ஆய்வாளர்கள் 2016-இல் தங்கள் எச்.டி.ஆர். பிளஸ் முறையை விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களின் கேமரா வேண்டுமென்றே ஒளி குறைந்த பல படங்களை விரைந்து எடுத்து, அவற்றைப் பொருத்திச் சேர்த்து இரைச்சலை அடக்கி, பிறகு நிழலைத் தூக்குகிறது. முதலில் வெள்ளையைக் காப்பது, பிறகு இருட்டைப் பார்த்துக்கொள்வது என்ற வரிசையைத்தான் அந்த இயந்திரமும் பின்பற்றுகிறது. ஆகவே கைப்பேசி நம் வாதத்துக்குச் சான்று. அதற்கும் எல்லைகள் உண்டு. தறியில் நாடா ஓடும்போதும் கரகம் சுழலும்போதும் அடுத்தடுத்த படங்கள் ஒன்றோடொன்று பொருந்துவது கடினம். வெயிலையும் நிழலையும் அளவுக்கு மீறிச் சமன் செய்தால் உச்சிவெயில் மேகமூட்டம் போல் தட்டையாகிவிடும். எதைக் காக்க வேண்டும் என்ற முடிவு மனிதருடையதாக இருந்தால்தான் அந்தக் கருவி நல்ல உதவியாளாக இருக்கும்.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. வேட்டியைக் காத்தால் முகம் இருண்டுவிடும். மனிதரை விட்டுத் துணியைக் காப்பது என்ன நியாயம்? இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. கோடாக் நிறுவனம் நிறத்தைச் சரிபார்க்க ஒளிப்பட அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய மாதிரிப் படங்களில் பல்லாண்டுகள் வெள்ளைத் தோல் பெண்களே இருந்தார்கள். அந்த அட்டைகளுக்கு ‘ஷெர்லி’ என்று பெயர். கனடிய ஆய்வாளர் லோர்னா ராத் 2009-இல் இதைப் பற்றி எழுதினார். பழுப்பு நிறங்களை ஃபிலிம் சரியாகக் காட்டவில்லை என்று சாக்லேட், மரச்சாமான் நிறுவனங்கள் முறையிட்டது அந்த ஃபிலிம் திருந்துவதற்கு ஒரு காரணம் என்பதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். கருந்தோல் மனிதரின் முகம் இருளில் புதைந்த காலம் நீண்டது, அந்த வருத்தம் உண்மையானது. ஆனால் ஒளியளவை ஏற்றி அதைத் தீர்க்க முயன்றதில் நம் ஊரில் வேறொரு அநியாயம் புகுந்தது. தமிழில் வெளுத்த தோலைச் ‘சிவப்பு’ என்று புகழும் வழக்கம் நமக்கு உண்டு. படத்தில் முகத்தை வெளுப்பாக்குவதே அழகு என்று கேட்பவரும் எடுப்பவரும் ஒப்புக்கொண்ட இடத்தில், ஒளியைக் கூட்டுவது தோலின் நிறத்தைத் துடைக்கும் வேலையாக மாறிவிட்டது. வேட்டியின் இழையோடு சேர்ந்து கன்னத்தின் நயமும் போகிறது. கருந்தோலின் அழகு அதன் மேல் ஒளி வழுக்கிச் செல்லும் மெல்லிய ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது, எரிந்த படத்தில் முதலில் சாவது அதுதான்.

முகத்துக்கு உரிய ஒளியைக் கொடுக்கும் வழி வேறு. வெயிலில் நிற்பவரை நாலடி நகர்த்தித் திண்ணை நிழலுக்கோ வாசற்படிக்கோ கொண்டுவந்தால், முகமும் வேட்டியும் ஒரே மென்மையான ஒளிக்குள் வந்துவிடும். எழுபது மடங்கு இடைவெளி ஒன்பது மடங்காகச் சுருங்கும். ஒரு தெர்மாகோல் பலகையையோ வெள்ளைத் துண்டையோ முகத்துக்குக் கீழே சாய்த்துப் பிடித்தால் அதுவும் குறையும். ரா கோப்பில் எடுத்துப் பிறகு முகத்தை மட்டும் அளவாகத் தூக்கலாம். வெள்ளையில் விவரம் இருப்பதால் அதற்கு இடமிருக்கும். இருக்கும் ஒளியிலேயே படமாக்குவதில் பெயர்பெற்ற பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவை மாணவர்கள் பாடமாகப் பார்க்கலாம். சன்னல் ஒளி எந்தப் பக்கமிருந்து முகத்தைத் தொடுகிறது என்பதை அவர் படங்களில் கவனித்தாலே போதும். முகமா துணியா என்று ஒன்றைப் பலியிட வேண்டிய தேவை பெரும்பாலும், நின்ற இடத்திலேயே நின்று படம் எடுப்பதால் வருகிறது.

வெண்மையில் கரையும் பாணி ஒரு கலைதானே என்ற நான்காவது மறுப்பும் உண்டு. உண்மைதான். பின்னணியை வேண்டுமென்றே எரியவிட்டு முகத்தை மட்டும் மிதக்கவிடும் படங்கள் அழகானவை. நகரின் மேற்கே நிற்கும் மலைக்கோட்டையை மாலையில் ஊருக்குள்ளிருந்து எடுப்பவர், வானத்தைக் காத்துப் பாறையைக் கறுப்பு வடிவமாக விடலாம். பாறையின் வரிகள் வேண்டுமென்றால் வானத்தை எரியவும் விடலாம். இரண்டும் வேண்டுமென்றால் காலையில் வரலாம், அப்போது வெயில் நேராகப் பாறை முகத்தில் விழும். மூன்றும் சரியான படங்களே. எதை இழக்கிறோம் என்று தெரிந்து இழப்பவருக்கே பாணி என்ற சொல் பொருந்தும். வெள்ளையைக் காக்கத் தெரிந்தவரால் எரியவிடவும் முடியும். காக்கத் தெரியாதவருக்கு எரிதல் ஒன்றே கதி.

ஆகவே தொடக்கப் பாடத்தின் வரிசையை மாற்றுவது நல்லது. துளை, ஷட்டர், ஐ.எஸ்.ஓ. என்ற முக்கோணத்தை மனப்பாடம் செய்வதற்கு முன், மாணவரின் கையில் ஒரு வெள்ளைத் துண்டைக் கொடுத்து வெயிலில் விரிக்கச் சொல்ல வேண்டும். அதன் இழை தெரிகிற கடைசி அளவு எது என்று அவரே கண்டுபிடிக்கட்டும். பிறகு அதே துண்டை ஒருவர் தோளில் போட்டு, அந்த அளவை மாற்றாமலேயே முகமும் தெளியும் இடம் தெருவில் எங்கே இருக்கிறது என்று தேடட்டும். முதல் பயிற்சி அவருக்குத் தன் கேமராவின் எல்லையைக் காட்டும், இரண்டாவது தன் ஊரின் ஒளியைக் காட்டும். நூலுக்குச் சாயமிட்டு, பாவு நீட்டி, இழை இழையாக நெய்து வாழ்கிற ஒரு பேட்டையின் படத்தில் அந்த இழை தெரிய வேண்டும். நெய்தவரின் முகம் அதன் சொந்த நிறத்தில் தெரிய வேண்டும்.